எந்த மண்ணில் நின்று வழக்குப் பேசப் போகிறோம்?

சென்ற நோன்புக்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து பாப்பாமோட்டை வீட்டுத் திண்ணையில் வந்து குந்தியிருந்தேன். ராத்தாவின் மகள் ஒரு கோப்போடு வந்தாள். கோப்பினுள் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் விளம்பரப் புத்தகம், ஒரு கட்டண அட்டவணை, கொழும்பிலுள்ள முகவர் நிலையமொன்றின் கடிதம். எல்லாவற்றுக்கும் அடியில் எங்கள் வாப்பாவின் வயற்காணி உறுதி.

“மாமா, நான் லோ படிக்கப் போறன். உம்மாட பங்கை விக்கிறதுக்கு நீங்களும் கையெழுத்து வைக்க வேணும்.”

அந்த உறுதியைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. கடல் வழியாகக் கற்பிட்டிக்குப் போன வள்ளத்தில் வாப்பா கொண்டுவந்தது இரண்டு சாமான். ஒன்று குர்ஆன். மற்றது சொப்பிங் பேக்கில் மூன்று சுற்றுச் சுற்றிய இந்த உறுதி. புத்தளத்து முகாமில் ஓலைக் கூரை ஒழுகிய இரவுகளில் பிள்ளைகள் நனைந்தாலும் அந்தப் பை நனையவில்லை. யுத்தம் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது வாப்பா மௌத்தாகி ஐந்து வருடம். காட்டை வெட்டி, எல்லைக் கல்லைத் தேடிப் பிடித்து, வயல் என்று சொல்லக்கூடிய நிலைக்கு அதைக் கொண்டுவர இன்னும் சில வருடங்கள் போயின.

என் மருமகள் அந்த முகாமில் பிறந்தவள். இப்போது இருபத்தொன்பது வயது. விஞ்ஞானப் பட்டதாரி. நாலு வருடமாகப் பிரதேச செயலகமொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். தினமும் அவளுடைய மேசைக்கு முன்னால் வந்து நிற்கிறவர்கள் காணிப் பிரச்சினைக்காரர்கள். பெர்மிட் தொலைந்தவர்கள், உறுதியில் பெயர் பிழைத்தவர்கள், இருபது வருடம் ஆள் இல்லாதபடியால் வேறொருவர் வேலி அடைத்துவிட்ட காணிக்குச் சொந்தக்காரர்கள். “நான் ஃபோம் நிரப்பிக் குடுக்கிறன் மாமா. ஆனா அவங்களுக்கு வேண்டியது ஃபோம் இல்ல, பேசுறதுக்கு ஒரு ஆள்” என்றாள். துறை மாறுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. ஆகவே ‘ஏன்’ என்று நான் கேட்கவில்லை. ‘எங்கே’ என்றுதான் கேட்டேன்.

நான் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்த ஒரு வாத்தியார். சட்டம் என் துறையல்ல. ஆனால் கையெழுத்து வைக்கமுன் விசாரிக்கவேண்டியது என் கடமை. ஒரு மாதம் விசாரித்தேன். சட்டத்தரணிகளான பழைய மாணவர்கள் இருவரிடம் கேட்டேன், அறிவித்தல்களை வாசித்தேன், ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டேன். எங்கள் ஊர்களில் இன்று பட்டதாரிப் பிள்ளைகள் பலர் இதே யோசனையில் இருப்பதால் அந்தக் கொப்பியை இங்கே விரிக்கிறேன்.

பட்டம் வேறு, அனுமதி வேறு

முதலில் விளங்கவேண்டியது இதுதான். சட்டப் பட்டம் என்பது கல்வி. சட்டத்தரணி என்பது அனுமதி. பட்டத்தைப் பல்கலைக்கழகம் தரும். அனுமதியை அந்தந்த நாட்டு நீதிமன்றமோ சட்டத்துறை அமைப்போதான் தரும். வைத்தியப் பட்டத்தைப் பற்றி நம்மவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சட்டத்தில் மட்டும் மறந்துபோகிறோம்.

இலங்கையில் அந்த அனுமதியைத் தருவது உயர் நீதிமன்றம். ஒரு காலத்தில் அட்வகேட், புரக்டர் என்று இரண்டு வகுப்பு இருந்தது. 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க நீதி நிருவாகச் சட்டத்தால் 1974 ஜனவரி முதல் இரண்டும் ஒன்றாகி, எல்லோரும் ‘சட்டத்தரணி’ ஆனார்கள். அந்த வாசலுக்குப் போகிற பாதை கொழும்பிலுள்ள இலங்கைச் சட்டக் கல்லூரி. 1874இல் தொடங்கிய நிறுவனம் அது. அதன் பரீட்சைகளில் சித்தியடைந்து, மூத்த சட்டத்தரணி ஒருவரிடம் ஆறு மாதம் பயிற்சி பெற்று, பிறகு உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்யவேண்டும். லண்டனில் படித்தவரானாலும் மலேசியாவில் படித்தவரானாலும், மன்னார் மாவட்ட நீதிமன்றத்தில் எழும்பி நிற்பதற்கு இந்தப் பாதைக்கு வந்தே ஆகவேண்டும். வெளிநாட்டுப் பட்டத்துக்கு என்ன மதிப்பு, எந்தப் பாடத்தில் விலக்கு என்பதைத் தீர்மானிப்பது சட்டக் கல்விப் பேரவை. விளம்பரப் புத்தகமோ முகவரோ அல்ல.

மருமகள் காட்டிய கடிதத்தில் ‘உலகம் முழுவதும் அங்கீகரிக்கப்பட்ட பட்டம்’ என்றிருந்தது. அதில் பொய் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட ‘பட்டம்’ என்றுதான் எழுதியிருந்தார்கள். அங்கீகரிக்கப்பட்ட ‘சட்டத்தரணி’ என்று எழுதவில்லை. தமிழ் வாத்தியாருக்கு ஒரு சொல்லின் வித்தியாசமாவது தெரியவேண்டும் அல்லவா?

சட்டத்துக்கு ஊர் உண்டு

கணிதத்துக்கு ஊர் இல்லை. யாழ்ப்பாணத்திலும் லண்டனிலும் முக்கோணம் ஒன்றுதான். சட்டம் அப்படியல்ல.

நம்முடைய நாட்டின் பொதுச் சட்டம் உரோமன் டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் கொண்டுவந்தது. ஒல்லாந்து தேசமே அதைக் கைவிட்டுவிட்டது. இன்று இலங்கையிலும் தென்னாபிரிக்காவிலும் அதைச் சூழ்ந்த சில நாடுகளிலும்தான் அது உயிரோடிருக்கிறது. அதன் மேல் ஆங்கிலச் சட்டம் ஒரு படை. பக்கத்தில் தேசவழமை, கண்டியச் சட்டம், முஸ்லிம் சட்டம். இங்கே ஒரு காணியைக் கைமாற்றுவதானால் 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். ஒருவர் பத்து வருடம் தடையில்லாமல் எதிருரிமையாக ஆண்டால் காணி அவருக்கு ஆகலாம் என்பது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். யுத்தத்தால் ஓடியவர்களுக்கு அந்தப் பத்து வருடக் கணக்கு அநியாயமாகிவிடும் என்பதற்காக, 1983 மே முதல் 2009 மே வரையான காலத்துக்கு விசேட ஏற்பாடு செய்தது 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம். ஒரு முஸ்லிம் மரண சாசனம் எழுதாமல் மௌத்தானால் சொத்து எப்படிப் பிரியும் என்பதற்கு 1931ஆம் ஆண்டுச் சட்டம். பங்கு பிரியாத காணியைப் பிரிப்பதற்கு 1977ஆம் ஆண்டுச் சட்டம். விவாகத்துக்கும் விவாகரத்துக்கும் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம்.

மருமகளின் மேசைக்கு முன்னால் நிற்கிறவர்களுடைய வாழ்க்கை முழுவதும் இந்த வருடங்களுக்குள் அடங்கிவிடுகிறது. இங்கிலாந்து எல்.எல்.பி.யின் பாட அட்டவணையை எடுத்துப் பார்த்தோம். ஒப்பந்தம், தீங்கியல், குற்றவியல், பொதுச் சட்டம், ஆங்கிலக் காணிச் சட்டம், நம்பிக்கைப் பொறுப்பு. எல்லாம் பெறுமதியான பாடங்கள். சிந்தனையைக் கூராக்கும். ஆனால் அந்தக் காணிச் சட்டம் இங்கிலாந்துக் காணிக்கு. பாப்பாமோட்டை வயலுக்கு அது வரம்பு கட்டாது.

இது புதுப் பிரச்சினையுமல்ல. காந்தி 1888இல் லண்டனுக்குப் போய், 1891 ஜூனில் பாரிஸ்டராகி ஊர் திரும்பினார். ஆனால் இந்தியச் சட்டம் எதுவுமே தனக்குத் தெரியாது என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. பம்பாயில் எடுத்த முதல் வழக்கில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழும்பியவர், நா எழாமல் உட்கார்ந்துவிட்டு வழக்கை வேறொருவரிடம் கொடுக்கச் சொன்னார். திறமை இல்லாதவரா அவர்? படித்த இடமும் நின்ற இடமும் வேறாக இருந்தன.

போனவரும் போகாதவரும்

வெளிநாடு போகவே கூடாது என்பதல்ல என் வாதம். நம் சமூக வரலாற்றில் இரண்டு உதாரணமும் இருக்கின்றன.

மாஸ் தாஜுன் அக்பர் 1880இல் பிறந்த மலாய் முஸ்லிம். புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜுக்குப் போனது பொறியியல் படிக்க. அங்கே சட்டத்துக்கு மாறி, பாரிஸ்டராகித் திரும்பினார். பிறகு சொலிசிட்டர் ஜெனரல், உயர் நீதிமன்ற நீதியரசர். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் அக்பர் மண்டபம் இன்றும் அவர் பெயரைச் சொல்கிறது. துறை மாறியவர்களுக்கு அவர் ஒரு முன்னோடி.

மற்றவர் அறிஞர் சித்தி லெப்பை. 1838இல் கண்டியில் பிறந்தவர். கடல் கடந்து போய்ப் பட்டம் வாங்கியவரல்ல. இங்கேயே சட்டம் பயின்று புரக்டராகி, பிறகு அந்தத் தொழிலைவிடக் கல்வியையும் பத்திரிகையையும் பெரிதாக எடுத்துக்கொண்டார். 1882இல் ‘முஸ்லிம் நேசன்’, 1885இல் ‘அசன்பே சரித்திரம்’. என் மருமகள் உத்தியோகத்திலிருந்து சட்டத்துக்குப் போகப் பார்க்கிறாள். அவர் சட்டத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்தார். போனவருக்கும் போகாதவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்று: இருவரும் வேலை செய்தது இந்த மண்ணின் சட்டத்தோடும் இந்த மண்ணின் மனிதரோடும். அக்பர் போன காலத்தில் பாரிஸ்டர் பட்டத்துக்கு இங்கே கதவு அகலத் திறந்திருந்தது. அந்தக் காலத்துக் கதவை வைத்து இன்றைக்குக் கணக்குப் போடக்கூடாது.

பட்டதாரிக்கு உள்ள வழிகள்

கொப்பியில் குறித்தவற்றைச் சுருக்கித் தருகிறேன்.

இலங்கையில்: கொழும்பு, யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களின் சட்டப் படிப்புக்கு உயர்தர இஸட் புள்ளியில்தான் எடுப்பார்கள். ஏற்கனவே அரச பல்கலைக்கழகத்தில் படித்துமுடித்த பட்டதாரிக்கு அந்தக் கதவு மூடியாயிற்று. இரண்டு கதவு திறந்திருக்கிறது. ஒன்று, சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சை. பொது அறிவும் மொழித் திறனும் சோதிப்பார்கள். போட்டி கடுமை. மற்றது, 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்தின் எல்.எல்.பி. தெரிவுப் பரீட்சை எழுதி உள்ளே போகலாம். வேலையை விடாமல் படிக்கலாம். யாழ்ப்பாணத்தில் அதன் பிராந்திய நிலையம் இருக்கிறது. அந்தப் பட்டத்தோடு போகிறவர் சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சை எழுதவேண்டியதில்லை.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டக் கல்லூரிப் பரீட்சையை ஆங்கிலத்தில் மட்டும் நடத்துவதற்கு 2020 டிசம்பரில் வர்த்தமானி வந்தது. 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதைப் பெரும் வாக்கு வித்தியாசத்தில் நிராகரித்தது. அதற்காக ஆங்கிலம் வேண்டாம் என்று யாரும் நினைக்கக்கூடாது. பழைய தீர்ப்புகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. மன்னாரில் கட்சிக்காரன் பேசுவது தமிழ், மேன்முறையீட்டில் புரட்டவேண்டியது ஆங்கிலம். இரண்டும் வேண்டும்.

வீட்டிலிருந்தே வெளிநாட்டுப் பட்டம்: லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் வெளிவாரிப் பரீட்சை நடத்துகிறது. இலங்கையிலிருந்தே எல்.எல்.பி. எழுதலாம். பயணச் செலவும் விசாவும் மிச்சம். ஆனால் படிப்பது ஆங்கிலச் சட்டம் என்பதில் மாற்றமில்லை.

இங்கிலாந்தில்: வேறு துறைப் பட்டதாரிகளுக்கு இரண்டு வருடத்தில் முடிக்கும் எல்.எல்.பி. சில பல்கலைக்கழகங்களில் உண்டு. அல்லது ஒரு வருட மாற்றுப் படிப்பு. அங்கேயே சொலிசிட்டராக நினைப்பவருக்கு 2021 செப்டம்பர் முதல் இரண்டு கட்டப் பொதுப் பரீட்சை ஒன்று வந்திருக்கிறது. ஏதாவது ஒரு பட்டமும் இரண்டு வருடத் தொழில் அனுபவமும் அதோடு வேண்டும். அங்கே குடியிருந்து தொழில் செய்யப் போகிறவருக்கு இது நேரான பாதை.

இந்தியாவில்: எந்தப் பட்டத்துக்குப் பிறகும் மூன்று வருட எல்.எல்.பி. படிக்கலாம். தமிழ்நாடு நமக்கு மொழியால் கிட்ட. ஆனால் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின்படி அங்கே வழக்கறிஞராகப் பதிவது பொதுவாக இந்தியக் குடிமக்களுக்கே. வேறு நாட்டவருக்கு இரு நாட்டுக்கும் இடையில் பரஸ்பர உரிமை இருந்தால்தான்.

மலேசியாவில்: 1983இல் நிறுவப்பட்ட சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் பொதுச் சட்டத்தையும் ஷரீஆவையும் சேர்த்துப் படிக்கும் வசதி உண்டு. நம் பிள்ளைகளுக்கு அதில் ஈர்ப்பு இருப்பது நியாயம். ஆனாலும் ஒரு தெளிவு வேண்டும். ஷரீஆப் பட்டம் ஆலிமை உருவாக்கும், சட்டத்தரணியை உருவாக்காது. ‘முஸ்லிம் சட்டம் படித்துக் காதி கோட்டில் பேசப்போகிறேன்’ என்று சொல்கிற பிள்ளைகளையும் கண்டிருக்கிறேன். காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணி கட்சிக்காரருக்காக ஆஜராக முடியாது என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அமெரிக்கா, கனடா: அங்கே சட்டப் படிப்பே பட்டத்துக்குப் பிறகுதான் தொடங்கும், மூன்று வருடம். துறை மாறுகிற பட்டதாரிக்கென்றே வைத்ததுபோல இருக்கும். செலவும் அதற்கேற்றபடி.

காசுக் கணக்கு

வெளிநாட்டு மாணவரிடம் வாங்கும் கட்டணம் உள்நாட்டு மாணவரிடம் வாங்குவதைவிடப் பல இடங்களில் மிக அதிகம். பிரித்தானிய மாணவர் விசாவுக்குப் படிப்புக் காசும் வாழ்க்கைச் செலவும் தொடர்ந்து 28 நாள் வங்கிக் கணக்கில் கிடக்கவேண்டும். இந்த 28 நாளுக்காக வட்டிக்குக் காசு எடுத்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வட்டி என்பதாலும் ஹராம், பொய் என்பதாலும் பிழை. சட்டம் படிக்கப் போகிற பயணத்தை அப்படியா தொடங்குவது?

இன்னொன்று, நம்முடைய ரூபா. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாவைச் சுற்றி இருந்தது. மே மாதம் 360 ரூபாவைத் தொட்டது. அந்த வருடம் பிள்ளையை வெளிநாட்டில் படிக்க விட்டிருந்த குடும்பங்களுக்கு இரண்டாம் வருடக் கட்டணம் என்னவாயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காணியை விற்று முதலாம் வருடம் கட்டினால், இரண்டாம் வருடம் எதை விற்பது?

புலமைப்பரிசில் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் முதல் சட்டப் பட்டத்துக்குக் கிடைப்பது அரிது. முதுமாணிக்குக் கிடைக்கும். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் ஒரு வருட முதுமாணிப் படிப்புக்குத்தான். இரண்டு வருட வேலை அனுபவமும் கேட்பார்கள். அதாவது இங்கே சட்டத்தரணியாகி, இரண்டு வருடம் நீதிமன்றப் படி ஏறி, பிறகு அடுத்தவர் காசில் லண்டன் போகலாம். நம்மவர்கள் செய்வது தலைகீழ்: சொந்தக் காசில் முதலில் லண்டன், பிறகு ஊருக்கு வந்து முதலாம் எழுத்திலிருந்து.

நாலு கேள்வி

துறை மாற நினைக்கும் பிள்ளைகளுக்கு என் கொப்பியின் கடைசிப் பக்கம் இது.

எந்த ஊர் நீதிமன்றத்தில் நிற்கப் போகிறாய்? இதற்குப் பதில் இல்லாமல் விண்ணப்பம் நிரப்பாதே. அந்த நாட்டில் அனுமதி தருவது யார்? அவர்களிடம் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகே முதல் தவணைக் காசைக் கட்டு. பட்டத்துக்கும் உழைப்புக்கும் இடையில் எத்தனை வருடம்? சட்டத்தரணியான முதல் வருடங்களில் கை நிறையக் காசு வராது. இருபத்தொன்பதில் தொடங்குகிறவருக்கு அந்தக் கணக்கு முக்கியம். கடைசியாக, நீ தோற்றால் குடும்பத்துக்கு மிஞ்சுவது என்ன?

இந்த நாலையும் மருமகளிடம் ஒரு இரவு கேட்டேன். முதல் மூன்றுக்கும் டக்கென்று பதில் சொன்னாள். நாலாவதற்கு ராத்தாவைப் பார்த்தாள். ராத்தா ஒன்றும் பேசவில்லை. உறுதியை மட்டும் மடித்துப் பழையபடி பையில் போட்டாள்.

“கையெழுத்து வைக்க மாட்டன் எண்டு நான் சொல்லல்ல” என்றேன். “அது உன்ட உம்மாட பங்கு. கேட்டா வைப்பன். ஆனா காணியைக் காப்பாத்துறதுக்குப் படிக்கப் போற பிள்ள, படிப்புக்குக் காணியை விக்கிறது சரியா எண்டு நீயே சொல்லு.”

இரண்டு கிழமை கழித்து அவள் கந்தோரிலிருந்து வரும்போது கையில் திறந்த பல்கலைக்கழகத்தின் தெரிவுப் பரீட்சை விண்ணப்பம் இருந்தது. கொழும்பு முகவர் இன்னும் அவளுக்குக் கோல் எடுக்கிறாராம்.

“அப்ப லண்டன்?” என்று கேட்டேன்.

“மாஸ்டருக்குப் போவன் மாமா. அவங்கட காசுல.”

எனக்கு நாற்பத்து நாலு வயது. அவளுக்காகச் சேர்த்த வினாத்தாள்களை இரவில் நானும் புரட்டிப் பார்க்கிறேன். எட்டுக் கேள்விக்கு ஐந்து சரியாக வருகிறது. இந்தக் காலபோகத்துக்கு வயல் விதைத்தாயிற்று. வரம்பு மூலையில் பக்கத்துக் காணிக்காரரோடு ஒரு சின்ன எல்லைத் தகராறு இருக்கிறது. இன்ஷா அல்லாஹ், அதைப் பேசித் தீர்க்க நம் வீட்டிலேயே ஒரு ஆள் வரும்வரை பொறுத்திருப்போம்.